ஒரு மோதிரத்தின் பருமன்

ஒரு டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அதைத் தராசுத் தட்டின்மேல் வைக்கிறோம். தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு சுட்டுவிரலை மெல்லத் தண்ணீருக்குள் விடுகிறோம். விரல் டம்ளரின் அடியையும் தொடவில்லை, பக்கத்தையும் தொடவில்லை. இப்போது தராசு காட்டும் எடை கூடுமா? குறையுமா? மாறாமல் இருக்குமா?

சங்கத்து நண்பர்கள் பலரிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர், "மாறாது, விரல்தான் எதையும் தொடவில்லையே!" என்றனர். ஒருவர், "குறையும், நீரில் மூழ்கிய பொருள் எடை இழக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் சொல்லியிருக்கிறார்" என்று அடித்துப் பேசினார். அவர் இரசாயன மாணவர்; பெயரை எழுதினால் அடுத்த இதழுக்குச் சந்தா தரமாட்டார். விடையைச் சற்று ஒத்திவைக்கிறேன். நான் இக்கேள்வியில் போய் மாட்டிக்கொண்டது ஒரு மோதிரத்தினால். அந்தக் கதையை முதலில் சொல்வதுதான் முறை.

சென்ற செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் அறைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விடுதிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது; வீட்டிலிருந்து பணம் வரவில்லை. கையிலிருந்த மோதிரத்தை விற்றுவிடலாம் என்று இங்கே தில்லிக் கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் உரைகல்லில் இழைத்துப் பார்த்துவிட்டு, "இது 14 காரட்தான், அதற்கு உரிய விலைதான் தருவேன்" என்றாராம். தம்பி விற்காமல் திரும்பிவிட்டார். விலை குறைந்ததைவிட வேறொன்று அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது தாத்தா போட்டிருந்த மோதிரம். 22 காரட்டுன்னு சொல்லித்தான் அப்பாகிட்டே கொடுத்தார். தாத்தா ஏமாந்துட்டாரா? இல்லே, எங்ககிட்டே பொய் சொன்னாரா?"

நான் பௌதிகம் படிப்பவன். ஆகவே இதற்கு விடை என்னிடம் இருக்க வேண்டும் என்பது தம்பியின் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை சற்று அதிகமாகவே இருந்தது.

தங்கத்தின் காரட்டுக்கும் அதன் அடர்த்திக்கும் உள்ள தொடர்பு எளியது. கலப்பற்ற தங்கம் 24 காரட். நம்மவர் பத்தரை மாற்று என்பதும் அதைத்தான். அதன் அடர்த்தி 19.3. அதாவது ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் எடையிருக்கும். நகைக்குக் கெட்டித்தன்மை வேண்டித் தட்டார் சேர்க்கும் செம்பின் அடர்த்தி 8.96, வெள்ளியின் அடர்த்தி 10.5. இரண்டும் தங்கத்தைவிட மிக இலேசானவை. ஆகவே கலப்பு ஏற ஏற அடர்த்தி இறங்கும். 22 காரட் தங்கத்தில் 24 பங்குக்கு 22 பங்கு தங்கம். கலந்தது முழுவதும் செம்பானால் அடர்த்தி ஏறத்தாழ 17.6, முழுவதும் வெள்ளியானால் 18.0. இரண்டும் கலந்திருந்தால் இடையில் எங்கோ இருக்கும். இதே கணக்கைப் போட்டால் 18 காரட் 15.0-க்கும் 16.0-க்கும் இடையிலும், 14 காரட் 13.0-க்கும் 14.3-க்கும் இடையிலும் வருகின்றன. 22-க்கும் 14-க்கும் நடுவே பெரிய அகழியே இருக்கிறது. எந்தக் கரையில் மோதிரம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது சிறு பிள்ளை வேலை என்று எண்ணினேன்.

எடையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. சோதனைச்சாலைத் தராசில் மோதிரத்தின் எடை 6.120 கிராம். முக்கால் பவுனுக்குச் சற்று மேல். பருமனுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற முறையையே கையாண்டேன். அளவு ஜாடியில் 6.0 வரை தண்ணீர் நிரப்பி, மோதிரத்தைச் சாய்வாக நழுவவிட்டேன். நீர்மட்டம் 6.4 கோட்டைச் சற்றே தாண்டி நின்றது. 6.45 என்று எழுதிக்கொண்டேன். பருமன் 0.45 கன செ.மீ. 6.12-ஐ 0.45-ஆல் வகுத்தேன். 13.6.

பதினான்கு காரட்! கடைக்காரர் சொன்னது அப்படியே வந்துவிட்டது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. மோதிரத்தைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் ஒரு கடமையைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

அன்றிரவு படுத்த பிறகுதான் அந்த 6.45 என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த ஜாடியில் கோடுகள் 0.2 மில்லிலிட்டருக்கு ஒன்றாகப் போட்டிருந்தார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் 0.05 என்று நான் எதைக் கொண்டு எழுதினேன்? கண்ணாடிச் சுவரை ஒட்டித் தண்ணீர் வளைந்து ஏறியிருக்கும். அதன் அடிவளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அரைக்கோடு, அதாவது 0.1, முன்பின் ஆகலாம். முதல் அளவிலும் 0.1, இரண்டாவது அளவிலும் 0.1. இரண்டும் எதிரெதிராகத் தவறினால், 0.45 என்று நான் எழுதிய பருமன் 0.25 முதல் 0.65 வரை எதுவாகவும் இருக்கலாம். எழுந்து விளக்கைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். பருமன் 0.65 ஆனால் அடர்த்தி 9.4, மோதிரம் வெள்ளியைவிட இலேசு! 0.25 ஆனால் 24.5, உலகில் உள்ள தனிமங்களிலெல்லாம் அடர்த்தி மிக்க ஆஸ்மியத்துக்கே 22.6-தான்!

என்னுடைய 13.6 அளவே அன்று, ஊகம். கடைக்காரர் சொன்ன எண் என் காதில் இருந்தது. கண் அந்த எண்ணுக்குப் பொருத்தமான இடத்தில் போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அந்த ஊகத்தை நம்பி ஒரு பையன் தன் தாத்தாவைச் சந்தேகித்துக்கொண்டு படுத்திருக்கிறான். விடியும்வரை எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஆர்க்கிமிடீஸ் கதை நம் அனைவருக்கும் பாடம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், சிரக்யூஸ் நகரத்து அரசன் ஹீரோ தன் பொற்கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கேட்டான். குளியல் தொட்டியில் தண்ணீர் வழிந்ததைக் கண்ட ஆர்க்கிமிடீஸ் வழிந்த நீரை அளந்து உண்மை கண்டார் என்பது கதை. இதை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். ஆர்க்கிமிடீஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிந்தியவர். கிரீடத்தின் எடை ஒரு கிலோகிராம் என்றும், அதில் பத்துக்கு மூன்று பங்கு வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். பொன்னாகவே இருந்தால் பருமன் 51.8 கன செ.மீ.; கலப்பானால் 64.8. வேறுபாடு 13 கன செ.மீ. கிரீடம் மூழ்கும்படியான, 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் இந்த 13 கன செ.மீ. நீர்மட்டத்தை எவ்வளவு உயர்த்தும்? 0.4 மில்லிமீட்டர்! பாத்திரத்தை யாராவது தட்டினால் அலையே அதைவிட உயரமாக எழும். கொள்ளையாகத் திருடியிருந்தால்தான் அகப்படும். சிறு திருட்டு தப்பிவிடும்.

இந்தக் கதையை நம்ப மறுத்தவர் கலீலியோ. 1586-ஆம் ஆண்டில், தம் 22-ஆம் வயதில், 'சிறு தராசு' என்று பொருள்படும் பெயரில் ஒரு குறுநூல் எழுதினார். ஆர்க்கிமிடீஸைப் போன்ற பேரறிஞர் வழிந்த தண்ணீரை அளக்கும் முரட்டு முறையைக் கையாண்டிருக்கமாட்டார். பொருளை நீரில் தொங்கவிட்டு எடை போட்டிருப்பார் என்பது அவர் கொள்கை. தாம் செய்த தராசில் நுண்ணிய கம்பியைக் கோலின்மேல் நெருக்கமாகச் சுற்றி, அந்தச் சுற்றுகளையே அளவுக்கோடுகளாக வைத்துக்கொண்டார். கம்பி மிக மெல்லியதாகையால் சுற்றுகளைக் கண்ணால் எண்ண முடியாது. கூரிய முனையொன்றை அவற்றின்மேல் மெல்ல இழுத்து, கைக்குத் தட்டுப்படுவதையும் காதுக்குக் கேட்பதையும் கொண்டு எண்ணினாராம். இருபத்திரண்டு வயதில் அவர் இதைச் செய்தார். இருபத்து மூன்று வயதில் நான் பள்ளிக்கூட ஜாடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறேன்!

மறுநாள் காலையில் தம்பியின் அறைக்குப் போய், "மோதிரத்தை இன்னொரு தடவை தா, நேற்று நான் அளந்தது தப்பு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இப்போது விரல் கேள்விக்கு வருவோம். விரலை விட்டால் எடை கூடும். எவ்வளவு கூடும்? விரல் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கியதோ, அவ்வளவு தண்ணீரின் எடைதான் கூடும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதிலிருந்தே இது வருகிறது. தண்ணீர் விரலை மேல்நோக்கித் தள்ளுகிறது என்றால், விரல் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டுமல்லவா? நியூட்டனின் மூன்றாம் விதி அதைத்தான் சொல்கிறது. இரசாயன நண்பர் இழப்பை மட்டும் பார்த்தார். இழந்தது எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை.

விரலுக்குப் பதில் மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால், அதன் பருமன் தராசிலேயே எழுதப்பட்டுவிடும். ஒரு கன செ.மீ. தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம். ஆகவே தராசில் கூடும் கிராம்தான் கன செ.மீ. கணக்கில் பருமன். ஜாடியின் கோடுகளில் 0.1 மில்லிலிட்டருக்குத் திண்டாடினோம். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு பருமனை 0.001 கன செ.மீ. வரை சொல்லிவிடும். நூறு மடங்கு நுட்பம். அதற்காகப் புதிதாக ஒரு கருவியும் வாங்கவில்லை.

ஒரு பீக்கரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். தாங்கியொன்றைத் தராசுக்கு வெளியே, மேசைமேல் நிறுத்தி, அதிலிருந்து மெல்லிய நைலான் நூலால் மோதிரத்தைத் தொங்கவிட்டோம். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துத் தொல்லை தரும். மோதிரம் முழுதும் மூழ்க வேண்டும். ஆனால் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் மோதிரத்தின் சுமையும் பீக்கர்மேல் ஏறிவிடும்.

தராசு 0.351 என்றது. தம்பி மளமளவென்று வகுத்து 17.4 என்றார். முகத்தில் ஒளி வந்துவிட்டது. எனக்கு நேற்றைய சூடு இன்னும் ஆறவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மோதிரத்தின் உட்புறத்தில் இரண்டு காற்றுக்குமிழிகள் கடுகளவில் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழி ஒன்றின் பருமன் 0.004 கன செ.மீ. தராசு அதையும் மோதிரத்தின் உடம்பாகவே கணக்கில் சேர்த்துவிடும். இரண்டு குமிழிகளும் சேர்ந்து அடர்த்தியை 0.4 அளவுக்குக் குறைத்துவிட்டன. நேற்று ஜாடியிலும் இப்படி எத்தனை கடுகுகள் இருந்தனவோ!

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டோம். கரைந்திருந்த காற்று போய்விட்டது. மோதிரத்தைச் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பசையைப் போக்கி, ஈரத்தோடேயே உள்ளே இறக்கினோம். இன்னொரு சங்கடம் மின்விசிறி. அதன் காற்றில் தராசின் எண் ஆடிக்கொண்டே இருந்தது. பீக்கரிலிருந்து நீர் ஆவியாகி எடை மெல்ல மெல்லக் குறையவும் செய்தது. விசிறியை நிறுத்தினோம். தில்லியில் செப்டம்பர் மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது விஞ்ஞானத்துக்காகச் செய்யும் தியாகங்களில் ஒன்று என்றே சொல்வேன். ஒவ்வொரு தடவையும் மோதிரத்தை வெளியே எடுத்து, தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடி இறக்கினோம். ஐந்து தடவை: 0.343, 0.342, 0.344, 0.343, 0.343.

மோதிரம் 6.120 கிராம். தண்ணீரில் தொங்கும்போது நூல் தாங்குவது 5.777 கிராம். மீதி 0.343 கிராமைத் தாங்குவது தண்ணீர். தண்ணீரைத் தாங்குவது பீக்கர். பீக்கரைத் தாங்குவது தராசு.

தண்ணீரின் வெப்பநிலை 27 டிகிரி. அந்நிலையில் அதன் அடர்த்தி ஒன்று அன்று, 0.9965. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மோதிரத்தின் பருமன் 0.344 கன செ.மீ., அடர்த்தி 17.78. இதிலும் பிழை இல்லாமலில்லை. இரண்டு மில்லிகிராம் முன்பின் என்று தாராளமாகவே விட்டாலும் 17.7-க்குக் கீழும் 17.9-க்கு மேலும் போகாது. 22 காரட்டின் எல்லைகள் 17.6-ம் 18.0-ம் அல்லவா? மோதிரம் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

தாத்தா ஏமாறவும் இல்லை. பொய் சொல்லவும் இல்லை. தம்பி எண்ணை மூன்று தடவை சரிபார்த்தார்.

அப்படியானால் கடைக்காரர் பொய் சொன்னாரா? அதையும் நான் சட்டென்று சொல்லிவிடமாட்டேன். மோதிரத்தின் பின்புறத்தில் ஒருமுறை உடைந்து பற்றவைத்த அடையாளம் இருந்தது. பற்றவைக்கும் பொடி, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்காக, மாற்றுக் குறைந்ததாகவே இருப்பது வழக்கம். உரைகல்லில் இழைத்த இடம் அந்தப் பற்றாக இருந்தால் 14 காரட் என்று தோன்றியிருக்கலாம். உரைகல் தேய்த்த இடத்தை மட்டுமே அறியும். தண்ணீர் முழு நகையின் சராசரியை அறியும். இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஆனால் பணத்தைப் பொறுத்தவரை அந்த விடைகளுக்கிடையே உள்ள தூரம் சிறிதன்று. 6.12 கிராம் நகை 14 காரட்டானால் அதில் தங்கம் 3.57 கிராம், 22 காரட்டானால் 5.61 கிராம். இரண்டு கிராம் தங்கத்தை அந்தக் கடையில் விட்டுவிட்டு வர இருந்தார் தம்பி. அதற்கு ஒரு பௌதிக மாணவனின் சான்றிதழும் சேர இருந்தது!

தண்ணீருக்குத் தெரியாததும் உண்டு. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, தங்கத்தினுடையது 19.3. டங்ஸ்டன் கட்டியின்மேல் தங்கத்தைப் போர்த்திவிட்டால், எப்பேர்ப்பட்ட தராசும் தண்ணீரும் அதைக் கலப்பற்ற தங்கம் என்றே கூறும். அங்கே உரைகல்லும் ஏமாறும். வெட்டிப் பார்த்தால் தெரியும். கல் பதித்த நகைக்கும் இம்முறை உதவாது; கல்லின் அடர்த்தி குறைவாகையால் கணக்கு கீழே இறங்கிவிடும். உள்ளே அரக்கு அடைத்த நகையும், ஓட்டையில்லாத உள்கூடுள்ள நகையும் அப்படியே. முத்து வைத்த நகையைச் சோப்பு நீரில் போட்டுவிட்டு என்மேல் கோபிக்க வேண்டாம்.

ஆகவே நாங்கள் தராசோடு நிற்கவில்லை. நகைகளுக்குத் தரமுத்திரை இடும் திட்டத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2021 ஜூன் முதல் படிப்படியாக அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அதற்கென்று உள்ள சோதனை நிலையங்களில் சிறு கட்டணம் செலுத்தினால், எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகக் கலப்பைச் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. எனவே பற்று இல்லாத இரண்டு இடங்களில் பார்க்கச் சொன்னோம். நூற்றுக்கு 91.4 பங்கு தங்கம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். 22 காரட்டுக்கு 91.7 பங்கு வேண்டும். பழைய நகைக்கு இது போதும். மேற்பரப்பைப் பார்த்த கதிரும், முழுவதையும் பார்த்த தண்ணீரும் ஒன்றையே சொன்ன பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு தடவை பிடித்த பைத்தியம் எளிதில் விடுமா? ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும் கையடக்கத் தராசொன்றை நானே வாங்கிவிட்டேன். சில நூறு ரூபாய்தான். இதைக் கொண்டு மோதிரத்தை அளந்திருந்தால் பருமன் 0.33 முதல் 0.35 வரை என்றுதான் தெரிந்திருக்கும், அடர்த்தி 17.4 முதல் 18.5 வரை. கடைக்காரரோடு வாதாட அது போதும். 22 காரட்டா, 21 காரட்டா என்று தீர்ப்புச் சொல்லப் போதாது. சிறிய தராசுக்குப் பெரிய பொருள் வேண்டும். பொருள் சிறிதானால் பலவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

பத்து ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொண்டேன். 2011-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட, 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள வகை. சிறு வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டு, வெறும் பையின் அளவைக் கழித்தேன். எடை 37.88 கிராம், ஒதுக்கிய தண்ணீர் 4.90 கிராம். அடர்த்தி 7.72. துருப்பிடிக்காத எஃகுக்குப் பொருத்தமான எண். இனி இதையே ஜாடியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். விட்டம் 22, கனம் 1.45 மில்லிமீட்டர். உருளைக்குரிய வாய்பாட்டில் போட்டால் பத்து நாணயங்களின் பருமன் 5.51, அடர்த்தி 6.87! தவறு எங்கே? அளவுகோல் தொட்டது நாணயத்தின் விளிம்பை. விளிம்பு மேடு, நடுப்பகுதி பள்ளம். வாய்பாடு பள்ளத்தையும் உலோகமாக எண்ணிவிட்டது. தண்ணீரோ பள்ளத்திலெல்லாம் புகுந்து பார்த்துவிட்டு வருகிறது.

நீரில் கரையும் பொருளுக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து வந்த கற்கண்டு என் அறையில் இருந்தது. அதைத் தண்ணீரில் தொங்கவிட்டால் பருமனுக்குப் பதில் பானகம்தான் கிடைக்கும். எண்ணெயில் விடலாம். தேங்காயெண்ணெயை எடுத்தால், டிசம்பர் மாதத்துத் தில்லியில் அது புட்டிக்குள் வெண்ணெய்க்கட்டியாக இருப்பதை நம்மில் அறியாதவர் யார்? நல்லெண்ணெயை எடுத்தேன். அதன் அடர்த்தியை எங்கே போய்த் தேடுவது? அதே பத்து நாணயங்களை எண்ணெயில் தொங்கவிட்டேன். தண்ணீரில் 4.90 கூடிய தராசு எண்ணெயில் 4.52 மட்டும் கூடிற்று. அப்போது தண்ணீர் 15 டிகிரி. அதன் அடர்த்தி 0.999. இவற்றிலிருந்து எண்ணெயின் அடர்த்தி 0.92 என்று வந்துவிடுகிறது. பிறகு 5.00 கிராம் கற்கண்டை எண்ணெயில் இறக்கினேன். கூடியது 2.91 கிராம், பருமன் 3.16, அடர்த்தி 1.58. சர்க்கரைப் படிகத்துக்கு நூல்களில் உள்ள எண் 1.59. பத்து ரூபாய்ச் சில்லறையையும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயையும் கொண்டு இவ்வளவு நெருங்கலாம் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. எண்ணெயில் நனைந்த கற்கண்டைத் தின்றவர் இரசாயன நண்பர்.

மிதக்கும் பொருளுக்கு வழி இன்னும் எளிது. மெழுகுவர்த்தித் துண்டை ஓர் ஊசியின் முனையால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் போதும். கூடுகின்ற கிராமே பருமன். கை நடுங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரிசியில்தான் நான் சற்று மயங்கினேன். ஆழாக்கில் தலைதட்டி அளந்த அரிசியின் பருமன் எது? ஆழாக்கின் பருமனா, அரிசியின் பருமனா? மணிகளுக்கு இடையே காற்று இருக்கிறதே! அளவு ஜாடியில் 100 மில்லிலிட்டர் வரை அரிசியைக் குலுக்காமல் நிரப்பி, அதன்மேல் அதே கோடுவரை எண்ணெய் ஊற்றிப் பார்த்தால், ஏறத்தாழ 45 மில்லிலிட்டர் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். நாம் அரிசி என்று அளந்து வாங்கியதில் பாதிக்குச் சற்றுக் குறைய வெற்றிடம். மணியின் அடர்த்தி 1.45 அளவில் இருந்தும், குவியலின் அடர்த்தி 0.8-க்குப் பக்கத்தில் நிற்பது இதனால்தான். படியைத் தட்டிக் குலுக்கி அளப்பவரும், மெல்லத் தூவி அளப்பவரும் ஒரே படியில் வேறு வேறு அரிசி தருவதை நம் பாட்டிமார் நன்கு அறிவார்கள். அவர்கள் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

தராசு என் அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து எதையும் தொங்கவிட்டுப் பார்க்கலாம். ஜாடியை மட்டும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பியின் கட்டணத்துக்கு நண்பர்கள் நால்வர் கைமாற்றுக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன் ஊரிலிருந்து பணம் வந்து அடைத்தும் விட்டார். மோதிரம் இப்போது அவர் கையில்தான் இருக்கிறது. தாத்தாவின் விரல் பருத்தது போலும். தம்பிக்கு மோதிரம் தொளதொளவென்று இருப்பதால் உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நூலை அவிழ்க்காமலே தண்ணீரில் இறக்கியிருந்தால் எத்தனை காரட் என்று வந்திருக்கும் என ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறேன். விடையை இன்னும் கொண்டுவரவில்லை.